ஆள் வரும்வரை ஒரு கல்

மண்ணூர்பேட்டையில் பஸ் மாற இறங்கியவன், ரேஷன் கடை வாசல் நிழலில் கிடக்கும் கல்லின் மேல் உட்காருகிறேன்.

"அண்ணாத்தே, எய்ந்திரி! அது ஒரிசாக்காரன் எடம்!" முன்னால் நிற்கும் பெண் அதட்டுகிறாள்.

அப்போதுதான் கவனிக்கிறேன். ஆட்களுக்கு நடுவே செங்கல், கட்டைப்பை, ஒற்றைச் செருப்பு என்று எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் முடிந்து இன்றுதான் கடை திறக்கிறதாம். சொந்த ஊர் ரேஷன் கார்டுக்கே இங்கும் அரிசி உண்டு என்பதால், பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்யும் வெளிமாநிலத்தார் இடம்பிடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"அவர் வரலைன்னா?"

"அவன் வந்து கைரேகை வச்சாதான் அரிசி. வந்துடுவான். நீ கல்ல பாத்துக்கோ."

ஷட்டர் உயர்கிறது. ஒரே கூச்சல், விசில்! வரிசை நகர நகர, கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே போகிறேன். என் பஸ் வந்து, நின்று, போயும் விடுகிறது. பின்னாலிருந்து ஒருவர் கல்லைத் தாண்டப் பார்க்கிறார்.

"சார், ஆள் இருக்கு!" என்று கத்துவது நான்தான்.

அந்தப் பெண் அரிசி வாங்கிக்கொண்டு விலகுகிறாள். அடுத்தது கல். கடைக்காரர் கல்லையும் என்னையும் பார்க்கிறார். லாரிகளுக்கு நடுவே நீலச் சட்டை ஒன்று ஓடி வருகிறது, கார்டை வாயில் கவ்வியபடி, கை கிரீஸைப் பேண்டில் துடைத்தபடி.

அவள் சிரிக்கிறாள். "இன்னா பையா, உன் கல்லு உனுக்கு முன்னாடியே வந்துட்ச்சு!"