எட்டாத தாழ்ப்பாள்

மகன் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, ஒரு சனிக்கிழமை, அவனுடைய அக்கா எறிந்த சில்வர் டம்ளர் அவன் புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்று அப்பனான நான்தான் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அடங்கிய பிறகு அவளே உட்கார்ந்து அழுவாள். நானும் லேசுப்பட்ட ஆளில்லை. போத்தனூரில் நான் ஃபிட்டராக இருக்கும் பட்டறையில் என்னிடம் ஸ்பேனர் கேட்கவே யோசிப்பார்கள். என் ரத்தம், என் கோபம், வயசானால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். "அக்காதானே, பொறுத்துக்க கண்ணு" என்று சின்னவனுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அடி வாங்குகிறவனுக்கே உபதேசம்.

தையல் பிரித்த வாரம் மகளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். குணமாக நாளாகும் என்றார் அந்த டாக்டரம்மா. அதுவரை சின்னவனுக்கு வீட்டுக்குள் ஒரு பத்திரமான இடம் வேண்டும், அதை மகளுக்கு மறைத்துச் செய்யக்கூடாது என்றும் சொன்னார்.

அன்றைக்கே படுக்கையறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பொருத்தினேன். பையன் வந்து எம்பிப் பார்த்தான்.

"எட்டலீங்கப்பா."

பழக்க தோஷத்தில் என் தோள் உயரத்துக்கு வைத்திருந்தேன். யாருக்காக வைக்கிறேன் என்பதே மறந்துபோன பெரிய ஃபிட்டர் நான். கழற்றி, அவன் நெஞ்சு உயரத்துக்கு இறக்கினேன்.

"ஏனுங்க, நாம பெத்த புள்ளைக்குப் பயந்து ஊட்டுக்குள்ளயே தாழ்ப்பாளா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மனைவி.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மணி, இது உனக்குத் தண்டனை இல்ல. உனக்குக் கோவம் வந்தா தம்பி உள்ள போய்த் தாழ் போட்டுக்குவான். நான் உங்கூட வெளிய இருப்பேன்."

இரண்டு நாள் அவள் என் முகத்தில் விழிக்கவில்லை.

சொன்னபடி நிற்க நான் வீட்டில் இருக்க வேண்டுமே என்று சாயங்கால ஓவர்டைமை விட்டேன். முதல் மாதம் அந்தத் தாழ்ப்பாளுக்கு ஓய்வே இல்லை. அவள் கதவை உதைப்பாள். நான் குறுக்கே நின்று உதை வாங்குவேன். திருப்பிக் கத்தாமல் நிற்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். மருந்தும் டாக்டரிடம் பேச்சுமாக மாதங்கள் ஓடின. உதை குறைந்தது.

ஐப்பசி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் அந்தக் கதவடியில் மண்டியிட்டிருந்தாள். கையில் தையல் மெஷின் எண்ணெய். பக்கத்தில் தம்பி.

"என்ன அம்மணி பண்றே?"

"மழைக்குத் துருப்புடிச்சுப் போச்சுங்கப்பா. இவன் இழுத்தாச் சிக்குது." அவள் தலை நிமிரவில்லை. "எனக்குக் கோவம் வந்துபோட்டா இவன் வெரசாப் போட்டுக்கோணுமில்லீங்க."

இன்னும் இரண்டு சொட்டு விட்டு, தம்பியிடம் திரும்பினாள். "இப்ப இழுத்துப் பாரு."

ஒற்றை விரலால் இழுத்தான். தாழ் சட்டென்று துளைக்குள் விழுந்தது. என் மகள் எங்களிடம் திரும்பி வந்துவிடுவாள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நம்பினேன்.