ஸ்பீக்கர் இடம் மாறிய ஆடி

எனக்குப் பிறவியிலேயே பெரிய குரல். எங்கள் அம்மா வீட்டில் எல்லாருக்குமே அப்படித்தான். உப்பை எடுத்துக் கொடு என்பதைக்கூடச் சண்டைக்கு நிற்கிற மாதிரிதான் கேட்போம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதை மறைக்கத்தான் அம்மா படாத பாடு பட்டாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மெதுவா சொல்லு" என்று காலையிலிருந்து ஓதிக்கொண்டே இருந்தாள். மகனோடு வந்த மாமியாரோ என்னைப் பாடச் சொல்லவில்லை, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. தெருக்கோடியில் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்த என் தம்பியைக் காட்டி, "இங்கிருந்தே அவன கூப்புடும்மா, பார்க்கலாம்" என்றார்.

கூப்பிட்டேன். தம்பி மட்டுமா திரும்பினான்? குடத்தோடு நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. மாமியார் மட்டும் "போதும்" என்று சொல்லித் தட்டு மாற்றச் சொன்னார். அவர்கள் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அப்படித்தான் நான் மர்பி டவுனுக்கு வாழ வந்தேன். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். என் வீட்டுக்காரர் மீசை முளைப்பதற்கு முன்பே மில்லில் தறி ஓட்டப் போனவர். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. நான் பேசினால் கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆசைதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன், புதுப்பெண் வேறெதை நினைப்பாள்? ஒரே ஒரு குறை. நான் கத்திச் சொன்னால் காரியம் நடக்கும், கொஞ்சிச் சொன்னால் நடக்காது. இந்த மனிதருக்குக் கொஞ்சல் பிடிக்காது போல என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், கரகம் எடுப்பார்கள். அதற்கு மைக் செட் வரும். அகன்ற வாய் வைத்த அந்த ஸ்பீக்கரை வருஷா வருஷம் எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கிற கம்பத்தில்தான் கட்டுவார்கள். காலையில் பக்திப் பாட்டு என்று ஆரம்பித்து, மதியத்துக்கு மேல் சினிமாப் பாட்டு. வீட்டுக்குள் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். அடுத்த அறையில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் எனக்கே தொண்டை பத்தாது, மற்றவர்கள் கதியை என்ன சொல்ல!

இவருக்கு மட்டும் அந்த நாட்கள் வந்தால் தலைகால் புரியாது. முதல் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்து இறங்குவார், குளிப்பார், சலவைச் சட்டை போடுவார், ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் நேரே அந்த ஸ்பீக்கரின் வாய்க்குக் கீழே போட்டு உட்கார்ந்துவிடுவார். முழங்காலில் விரல் தாளம் போடும். ஹோட்டல் ரேடியோவில் பாட்டு வந்தால் ஊரே நின்று கேட்கும், அதற்கெல்லாம் இவர் சைக்கிளை நிறுத்தியதே கிடையாது. இது என்ன ரசனையோ என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எங்களுக்குப் பெண் பிறந்த வருஷம் என் பொறுமை போய்விட்டது. அப்போது அது கைக்குழந்தை. ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும்போதும் உடம்பு தூக்கிப் போடும். பாலைப் பாதியில் விட்டுவிட்டு வீறிட்டு அழும். ஏணையில் போட்டால் கண் மூடாது. பகல் முழுக்கத் தூங்காமல் குழந்தையின் கண் குழி விழுந்துவிட்டது. இவரோ மதியத்தில் படுத்தால், ஏணையில் ஒரு கயிறு கட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொள்வார். "நான் ஆட்டறேன், நீ வேலையப் பாரு" என்பார். சொன்ன கையோடு தூங்கிவிடுவார். பக்கத்திலேயே பிள்ளை முனகும், அசைய மாட்டார். குழந்தை காலை உதைத்து ஏணை ஆடினால்தான் எழுந்திருப்பார். கல்நெஞ்சம் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

அடுத்த வீட்டில் ஒரு நர்சம்மா இருந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் கண்ணயர வேண்டியவர். செட் வந்த மூன்றாம் நாள் காலை நாங்கள் இருவரும் குழந்தையோடு போய் செட்காரர் முன்னால் நின்றோம்.

"இன்னாக்கா, அம்மன் திருவிழாவுல சத்தம் வாணாம்னு சொன்னா எப்டி?" என்றார் அவர்.

"சத்தம் வாணாம்னு யாரு சொன்னது? என் புள்ள காதுல ஊத்தாதன்னுதான் சொல்றேன். புள்ள பெத்தவளோட கஷ்டம் அம்மனுக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியல" என்றேன்.

நான் சொன்னது கோயில்வரைக்கும் கேட்டிருக்கும். அவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரும் பிள்ளை பெற்றவர்தான். ஸ்பீக்கரைக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் கடைசிக் கம்பத்தில், வாயை மைதானத்தின் பக்கம் திருப்பிக் கட்டினார்.

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டுகளுக்கு வார்த்தை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. தெருவெல்லாம் இதமாகக் கேட்டது. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. நர்சம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாதித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

இவர் மில்லிலிருந்து வந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெறும் கம்பத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னிக்கு செட்டு போடலியா?" என்று கேட்டார்.

வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று நினைத்தேன். "பாடிக்கினுதானே கீது" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்போது பாட்டு நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது, எதிர்வீட்டுக் குழந்தைகள் அதற்கு ஆடிக்கொண்டுகூட இருந்தார்கள். அவர் முகம் மெல்லச் சுருங்கியது. ஸ்டூலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "ஏங்க" என்றேன். என் ஆயுளிலேயே அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை. அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அதற்கும் திரும்பவில்லை. ஏணையில் குழந்தை சிணுங்கியது. கைக்கெட்டும் தூரம்தான். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கயிறு எதற்கு என்று அப்போது புரிந்தது. தன் பிள்ளை சிணுங்குவதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன். பாவமாக இருந்ததுபோலவே கோபமாகவும் இருந்தது.

மறுநாள் கூழ் ஊற்றுவதற்கு மாமியார் லிங்கராஜபுரத்தில் மூத்த மகன் வீட்டிலிருந்து வந்தார். அவரை உட்காரவிடாமல் கேட்டேன். "எத்தினி வருஷமா இப்டி? என்னாண்ட ஏன் மறைச்சீங்க?"

அவர் மழுப்பவில்லை. "தறி ஷெட்டுல நின்னவங்க எல்லாருக்கும் இப்டித்தாம்மா. உள்ள ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது, வாயப் பார்த்தே பேசிக்குவாங்க. இவனுக்குக் கொஞ்சம் சீக்கிரமே போயிடுச்சி. காது கேக்கலன்னு சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்க?"

"அதுக்கு என்னை ஏமாத்துவீங்களா?"

"மறைச்சேன், ஒத்துக்கறேன். ஆனா பார்த்துத்தான் எடுத்தேன். நாலு எடத்துல பொண்ணு பார்த்தோம். எல்லாம் லட்சணமான பொண்ணுங்கதான். கூப்புடச் சொன்னேன். ஒண்ணுத்து சத்தமும் இவன் காதுல விழல. நீ உன் தம்பியக் கூப்ட்டப்ப, என் பின்னால நின்னவன் 'இது கேக்குதும்மா'ன்னான்."

கூழுக்கு எடுத்து வைத்திருந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுச் சலவைச் சட்டை போடாமல் நின்றார். நானே சட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் ஸ்டூல். முன்னால் நடந்தேன், பின்னாலேயே வந்தார். தெருக்கோடியில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் விரல் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சோறு ஆயிற்று. போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரு நடுவில் போய் நின்றுகொண்டேன். செட்காரர் ஒரு இசைத்தட்டை எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுகிற அந்தச் சின்ன இடைவெளிக்காகக் காத்திருந்தேன். பாட்டு நின்றது. என் தம்பியைக் கூப்பிட்ட அதே குரலில் அவரைக் கூப்பிட்டேன்.

நர்சம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார். கோயில் வாசலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். செட்காரர், "யக்கா, உனக்கு எதுக்கு மைக்கு?" என்று கத்தினார்.

ஸ்டூலில் இருந்தவரும் திரும்பினார்.