லேபிளில் இல்லாத பெயர்

என் ஒன்பது வயது மகள் மீராவுக்காக, அல்வாலில் ஒரு ஆன்ட்டியிடம் பழைய வெளிநாட்டு மாண்டலின் ஒன்று வாங்கினேன். தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துத்தான் வாங்கினேன். ஆனாலும் போலியாக இருக்குமோ என்று பயந்தபடியே ஆயிற்று. உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் ஒரு கம்பெனியின் பெயர். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், மரத்தில் வேறொரு கம்பெனியின் முத்திரை!

"உன்னைப் பார்த்தாலே தலையில கட்டிடறாங்க" என்று கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அதிகம் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை, மாண்டலினைத் தர மறுத்து அழுத மீராவையும் இழுத்துக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"டென்ஷன் நக்கோம்மா, டென்ஷனே வேணாம்" என்றார் ஆன்ட்டி. "அந்தக் காலத்துல ஒரே ஃபேக்டரி பல கம்பெனிக்குச் செஞ்சு குடுக்கும். அவங்கவங்க லேபிள் ஒட்டி விப்பாங்க. இது டூப்ளிகேட் இல்ல."

"நல்ல சாமான்னா செஞ்சவங்க பேர்லயே வித்திருக்கலாமே? எதுக்கு ஒளிக்கணும்?" என் குரல் உயர்ந்துவிட்டது.

மாண்டலினை அணைத்துக்கொண்டிருந்த மீரா நிமிர்ந்தாள். "அம்மா, உன் போன்ல இருக்கற பேங்க் ஆப் நீ செஞ்சதுதானே? அதுல பேங்க் பேருதானே இருக்கு?"

"ஹவ், ஆமா, நல்லா கேட்டே!" என்று ஆன்ட்டி சிரித்தார்.

நான் வேலை பார்க்கும் பேகம்பேட் சாஃப்ட்வேர் ஆபீஸில் அந்த ஆப்புக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருப்பேன்! மாண்டலினோடு வீடு திரும்பினோம்.

மீரா வாசிக்கும்போது அந்த லேபிளை நான் நினைப்பதே இல்லை. பேங்க் ஆப்பைத் திறக்கும்போதுதான், இத்தனை நாள் வராத எரிச்சல் வருகிறது.