மாடி அறை விருந்தாளி

விசாரணைக்கு அந்த அமெரிக்கர் போட்டுக்கொண்டு வந்த பூவேலைச் சட்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள், நெஞ்சில் இரண்டு பச்சைப் பறவைகள். என் மெக்சிக்கோச் சிநேகிதியின் தாய் கையால் தைத்துக் கொடுத்த சட்டை. அதைப் போட்டுக்கொண்டு வந்துதான் அவளுடைய அகதி வழக்கைக் கெடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரங்களில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையொன்றில் அவளும் நானும் ஒரே மேசை. குடியிருந்ததும் ஒரே கட்டடத்தில்தான். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு மட்டுமே. அவள் கணவன் டயர்க் கடை வைத்திருந்தவன். கப்பம் கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்லிவிட்டான். கடையைக் கொளுத்தினார்கள். பிறகு அவனையும் கொண்டுபோனார்கள். அடுத்து அவளைத் தேடத் தொடங்கியபோது மகளோடு இங்கே ஓடிவந்துவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த எனக்கு இதையெல்லாம் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அமெரிக்கர் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். மெக்சிக்கோவில் அவள் தாய் வீட்டு மாடி அறையில் பல வருடம் வாடகைக்கு இருந்தவர். மொன்றியலில் இருந்த தமக்கைக்குச் சுகமில்லையென்று வந்தவர், ஞாயிறு தவறாமல் இவள் சமையலறைக்கு வந்துவிடுவார். "நான் பாதி மெக்சிக்கன்" என்று நெஞ்சில் தட்டிக்கொள்வார். முதல் தட்டு அவருக்குத்தான். அவர் காலடிச் சத்தம் கேட்டதும் அழுதுகொண்டிருந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டியைத் திறப்பாள். ஏன் மறைக்கிறாய் என்று கேட்டேன். "அவர் எங்கள் வீட்டு விருந்தாளி. அவரிடம் போய்த் துக்கத்தைச் சொல்வதா? கடை மின்சாரக் கோளாறால் எரிந்தது, கணவர் வடக்கே வேலைக்குப் போய்விட்டார் என்றுதான் அம்மா சொல்லிவைத்திருக்கிறார்" என்றாள்.

அப்படிப்பட்டவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது. எரிந்த கடையைக் கண்ணால் கண்டவர், அதுவும் அமெரிக்கர். "வெள்ளைக்காரன் சொன்னா நம்புவினம். ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லும்" என்றார் என் கணவர். முதலில் அவருக்கு உண்மை முழுவதையும் சொல் என்று நான் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினாள். விசாரணைக்கு முந்தின ஞாயிறு அவர் வந்தார், வயிறு நிறையச் சாப்பிட்டார், பாட்டுப் பாடினார். அவளால் வாய் திறக்க முடியவில்லை. வழக்கறிஞரும் அவரைப் பத்து நிமிடம் பார்த்து, கண்டதைச் சொன்னால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

அவள் சம்மதித்ததால் என்னையும் விசாரணை அறைக்குள் இருக்க விட்டார்கள். மனிதர் கண்டதைத்தான் சொன்னார். அருமையான ஊர், தங்கமான சனங்கள், என் அறைக் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை. கடையா? மின்சாரக் கோளாறு. கணவரா? வடக்கே வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். முகமெல்லாம் சிரிப்பு, அவளுடைய ஊரைப் புகழ்ந்து அவளுக்கு உதவி செய்கிறாராம். வழக்கறிஞர் எழுந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு நிராகரிக்கப்பட்டது. மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். எனக்கு ஆறவில்லை. அவள் தாய் வீட்டுத் தெருவில் பொழுது சாயுமுன்னே கடைகளை இழுத்து மூடிவிடுவார்களாம். அதை அந்த மனிதர் ஊரின் அமைதி என்று நினைத்து ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். படித்த மனிதர். கண் என்ன பிடரியிலா இருந்தது?

சில வருடங்களுக்குப் பிறகு ஜான்-டலோன் சந்தையில் மிளகாய்க் குவியலுக்கு முன்னால் அவரைக் கண்டேன். பழையபடி மாடி அறைக்கே போய்விட்டாராம், தமக்கையைப் பார்க்க வந்தாராம். "அவள் நன்றாக இருக்கிறாள். வேறு ஊரில் நல்ல வேலையாம். அவள் அம்மா சொன்னார்" என்றார்.

நல்ல வேலை. அவள் எனக்கு இடைக்கிடை தொலைபேசி எடுப்பவள். சொந்த ஊரில் கால் வைக்க முடியாமல், எல்லைப் பக்கத்து நகரமொன்றில் வீடு மாறி வீடு ஒளிந்து திரிகிறாள். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் பயம். அந்தத் தாய் இன்னமும் அவருக்குச் சோறு போட்டு, சிரித்துக்கொண்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அவருக்குச் சோறு போட்டவள் இல்லை. சந்தை நடுவில் நின்று, கடை எரிந்ததிலிருந்து எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

அவர் கையிலிருந்த மிளகாயைத் திரும்பக் குவியலில் வைத்தார்.

"என்னிடம் யாரும் சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்கள் ஒருநாளாவது கேட்டீர்களா?" என்றேன்.