மிச்சம் வைக்காமல் ஊற்றிய ஆயில்

லாரிப் பட்டறை வைத்திருப்பவனை ஊரில் யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள். அவனும் யாரையும் நம்ப மாட்டான். தையல் கடையோ நகைப் பட்டறையோ, எதை நடத்தினாலும் உங்களுக்கும் இந்த அவஸ்தை பழக்கம்தான். எதிரே நிற்பவர் உங்கள் முகத்தை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தஞ்சாவூரில் நான் பட்டறை நடத்திய அந்த வருஷங்களில் நில உச்சவரம்பு ஒரு பக்கம், அறுப்புக் கூலித் தகராறு இன்னொரு பக்கம் என்று ஜில்லாவே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு லாரிக்கு ஆயில் மாற்றிவிட்டு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

இரண்டாவது டின்

பூதலூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் நெல் ஏற்ற லாரி வாங்கியிருந்தார். உச்சவரம்புக்குப் பயந்து நிலத்தை மச்சினர் பேரிலும் சமையல்காரர் பேரிலும் எழுதிவைத்துவிட்டு, அவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொள்வார்களோ என்று மருகிக்கொண்டிருந்தவர். ஆயில் மாற்றும் நாளில் இரண்டு டின்களைத் தானே வாங்கிவந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பழைய ஆயிலை வடித்துப் புதுசை ஊற்றினேன். இரண்டாவது டின் பாதியானபோது அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் மேல் கோட்டைத் தொட்டுவிட்டது. “போதுங்க, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்றேன். அவர் பார்வை டின்னிலிருந்து என் அலமாரிக்குப் போய்த் திரும்பியது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்கு மேல் பேசினால் அந்த அரை டின்னில் எனக்குக் கண் என்றே முடிவு கட்டிவிடுவார். மிச்சத்தையும் என்ஜினுக்குள்ளேயே கவிழ்த்துவிட்டேன். அவர் கேட்டதும் அதைத்தான்: “வீட்டுல வச்சா மாட்டு வண்டிக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான், இங்க வச்சா நீங்க இருக்கீங்க. ஒரு சொட்டு மிச்சமில்லாம வண்டிக்குள்ளயே போகட்டும்.”

டேங்க் மூடிக்குக் காவல்

ஆயில் கூடுதலாகப் போனால் நல்லதுதானே என்று நீங்களும் நினைப்பீர்கள். இல்லை. அளவுக்கு மேல் நிற்கிற ஆயிலில், என்ஜின் அடியில் சுழல்கிற கிராங்க் தண்டு முங்கி முங்கிச் சுற்றும். முழங்கால் சேற்றில் ஏர் இழுக்கிற மாடு போல என்ஜின் திணறும். டீசலை அதிகமாகக் குடிக்கும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடிய லாரி மூன்றரைக்கு இறங்கிவிட்டது.

புது ஆயில் போட்ட வண்டி இன்னும் நன்றாக ஓடவேண்டும், குறைந்தால் டிரைவர் டீசலை விற்கிறான் என்பது மிராசுதாரின் தீர்ப்பு. டிரைவர் முருகையனின் அண்ணன் விவசாயக் கூலிகள் சங்கத்தில் கொடி பிடிப்பவர். சந்தேகப்பட அது ஒன்றே போதாதா? தன் காரியஸ்தரை லாரியிலேயே ஏற்றி அனுப்பினார். பத்து நாள் வலங்கைமானுக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்த அந்த மனிதர், டீயைக்கூட டேங்க் பக்கத்தில் நின்றேதான் குடித்தாராம். ஒரு சொட்டு டீசல் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். மைலேஜ் மட்டும் ஏறவில்லை. மிராசுதார் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டானுங்க, மேஸ்திரி.”

முருகையன் கேட்டது

அடுத்த வாரம் முருகையன் தனியாகப் பட்டறைக்கு வந்தான். மாசக் கடைசிக்குள் மைலேஜ் ஏறாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். டீசல் திருடன் என்று பேர் வாங்கியவனுக்கு நாகப்பட்டினம் வரைக்கும் எந்த முதலாளியும் வண்டி கொடுக்கமாட்டார். மறைப்பானேன், எனக்கும் அவன் மேல் சந்தேகம்தான். கொஞ்சமும் எடுக்காத டிரைவர் உண்டா என்றுதான் இருந்தேன்.

“வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணே, புகையும் ஒரு மாதிரியா வருது” என்றான். கம்பியை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. அன்றைக்கு ரோஷத்தில் கவிழ்த்த அரை டின். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கோபப்படக்கூட இல்லை. “அன்னைக்கே தெரிஞ்சும் ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?” என்று மட்டும் கேட்டான்.

மைலேஜ் ஏறியது

மிராசுதாரை வரவழைத்து, தப்பு என்னுடையது என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே அதிகப்படி ஆயிலை வடித்தேன். மாசக் கடைசியில் லாரி பழையபடி நாலுக்கு வந்துவிட்டது. பிழைத்தான் முருகையன் என்று சந்தோஷமாகப் பூதலூருக்குப் போனேன்.

மிராசுதார் கையில் லாரிச் சாவி இருந்தது. முருகையன் வாசற்படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். “நான் மிரட்டினதும் திருட்டை நிறுத்திட்டான், இதைவிட வேறென்ன சாட்சி வேணும்?” என்றார். ஆயில்தான் காரணம், என் தப்புதான், அவனைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். “நீங்க ரொம்ப நல்லவரு மேஸ்திரி, அந்தப் பயலுக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க.”

ஜில்லாவில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்ட அந்த மனிதர், தப்பு செய்தவனே நேரில் போய் ஒப்புக்கொண்டபோது மட்டும் அவனை உத்தமன் என்று நம்பிவிட்டார்.