லாத்தா குத்திவுட்ட ஊக்கு

அட நீ வேற! முக்காடு போட்ட பொண்ணு வேலைக்கு ஆவுமா ஆவாதான்னு டிவியில நாலு பேரு கத்திக்கினு இருக்கானுங்க, நான் மொறத்தை மடியில வச்சிக்கினு சிரிச்சிட்டன். என் வளையல்ல தொங்குதே துரு ஏறின ஊக்கு, இதைப் பாரும்மா. அந்தச் சண்டை அறுவது வருசத்துக்கு மின்னாடியே எங்க கேண்டீன்ல முடிஞ்சிபோச்சி. முடிச்சி வச்சது ஒரு வாளி சாம்பாரு.

அப்போ நெய்வேலியில நிலக்கரிக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பிச்ச புதுசு. பிளாக் பிளாக்கா குவாட்டர்ஸ் கட்டிக்கினு இருந்தாங்க. நான் குறிஞ்சிப்பாடிலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. எழுத்து தெரியாது, பூசணிக்கா அரியத் தெரியும். கான்ட்ராக்ட்காரர் கேண்டீன்ல சேத்துக்கினாங்க. என் முடி அப்போ இடுப்புக்குக் கீழ தொங்கும். இப்போ எலிவாலு, அது கெடக்கட்டும். கனகாம்பரம் வைக்காம வேலைக்கே போவமாட்டன்.

பரங்கிப்பேட்டைக்காரங்க ஒருத்தங்க புதுசா வந்தாங்க. பாய் வூட்டுல அக்காவை லாத்தான்னுதான் சொல்லுவாங்களாம், நாங்களும் அப்பிடியே கூப்புட்டோம். வூட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சி படுக்கை, மூணு புள்ளைங்க. இந்த வேலை இல்லன்னா அடுப்பு எரியாது. சூப்பர்வைசரு, "முக்காட்டை எடுத்துட்டு வா, தீப் புடிச்சா யாரு பதில் சொல்றது?"ன்னாரு. லாத்தாவோட மாமியாரு, "முக்காடு இல்லாம அந்தப் படி ஏறினா, இந்தப் படி ஏறாத"ன்னாங்க. கொழாயடியில நாங்க ரெண்டு கட்சி. நான் சூப்பர்வைசர் கட்சி, வெக்கக்கேடு! லாத்தா அசரல. "எனக்கு வேலையும் வேணும், முக்காடும் வேணும். இதை எடுத்தா அதை வைய்யின்னு சொல்ல இதென்ன கத்திரிக்கா கடையா?"

மறுநாளு முந்தானையைத் தலைமேல இறுக்கி இழுத்து, காதோரம் ரெண்டு ஊக்கு குத்தி, தொங்கல் இல்லாம இடுப்புல சொருவிக்கினு வந்து நின்னாங்க. சூப்பர்வைசரு ஏற எறங்கப் பாத்தாரு. "ஒரு தப்பு வரட்டும், அப்பறம் இருக்கு"ன்னாரு.

வெள்ளிக்கிழமை வந்துச்சி தப்பு. ஷிப்ட் முடிஞ்சி சாப்புட வந்த ஒருத்தரு சாம்பார்லேர்ந்து முடியை இழுக்கிறாரு, இழுக்கிறாரு, வந்துக்கினே இருக்குது. நுனியில ஒரு கனகாம்பரம். நான் பின்னாடி கைய வுட்டுப் பாக்கிறன், என் தலையில பூவைக் காணோம். சூப்பர்வைசரு கண்ணுக்கு மூடின தலை ஒண்ணுதான் தெரிஞ்சிச்சி. நேரா லாத்தாகிட்டப் போயி, "உள்ள பூ வேறயா? நாளையிலேர்ந்து வராத"ன்னாரு.

லாத்தா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. காலையில கழண்டு தொங்கின என் பூவைச் சொருவி வுட்டதே அவங்கதான். ஆனா என்னைக் காட்டிக் குடுக்கல. சொன்னா என் வேலை போவும், சொல்லலன்னா அவங்க அடுப்பு அணையும். "எம் முடிங்க சார், பூவும் என்துதாங்க"ன்னுட்டன்.

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவரு மொகம் செவந்து போச்சி. "அப்போ நீ கெளம்பு"ன்னாரு. அதுக்கு லாத்தா, "யாரும் கெளம்ப வேணாங்க. இத்தினி தலையில எந்தத் தலை முடி சோத்துல வுழாதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க"ன்னாங்க. அவரு ஒவ்வொரு தலையாப் பாத்துக்கினே வெளிய போனாரு. மறுநாளு உத்தரவுதான் வந்துச்சி. சமையக்கட்டுக்குள்ள எல்லாரும் தலையில துணி கட்டணும்!

அய்யோ, நாங்க பட்ட பாடு! எனக்குக் கண்ணை மறைக்குது, இன்னொருத்தி துணி இட்லிப் பானையில வுழுது. வரிசையா லாத்தா மின்னாடி போயி சின்னப் புள்ளைங்க மாதிரி தலையை நீட்டினோம். "என் கட்சிக்கு வந்துட்டியாடி?"ன்னு நறுக்குன்னு ஒரு குட்டு வச்சிட்டு, தன் வளையல்ல இருந்த இந்த ஊக்கைக் கழட்டிக் குத்திவுட்டாங்க. வாசப்படியில நின்னு வேடிக்க பாத்த சூப்பர்வைசரையும் வுடல. "சார், உங்க சுருட்டை கிராப்புக்கும் ஒண்ணு குத்தட்டுங்களா?" அன்னிலேர்ந்து மனுசன் துண்டு கட்டாம உள்ள வந்ததே இல்ல. லாத்தா அந்த முக்காட்டோடவே பர்மனென்ட் ஆனாங்க.

இதையெல்லாம் டிவிக்காரனுங்களுக்கு யாரு சொல்றது... அய்யய்யோ, வாசனை வருது பாரு, சாம்பாரு அடி புடிக்குது! இரும்மா, என் தலைத்துணி எங்க? இந்த ஊக்கைக் கழட்டிக் குடு, என் கண்ணுக்கு அம்புடல. தலையைக் கட்டாம நான் அடுப்புகிட்ட போவமாட்டன்.