நான் கண்டுபிடித்த 248

1. ராகு காலம் டைப் அடித்த எஸ்தர்

விருதுநகரில் எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வீட்டில் சாஃப்ட்வேர் வேலை என்று சொல்லியிருந்தேன். முதல் நாளே முதலாளி ஒரு கட்டுத் தாளை என் மேஜையில் வைத்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"தினசரி காலண்டர் மேட்டர்மா. திதி, நட்சத்திரம், ராகு காலம். ஒரு எழுத்து மாறுனாலும் ஏஜெண்டுக நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிருவாக."

ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடுகிறவள் நான். என் நட்சத்திரம் எதுவென்றே எனக்குத் தெரியாது. அப்படியும் மூன்று வருடம் மாவட்டத்துக்கே நல்ல நேரம் டைப் அடித்துக் கொடுத்தேன்.

2. கேட்காமலே சொன்ன யோசனை

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் சாம்பிள் வெளியிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குள் காலண்டரில் தினமும் கிழிக்கிற தாள்களுக்கு அச்சுப் பிளேட் போட்டாக வேண்டும். நான்காவது வருடம் ஆனி முடிந்தும் மேட்டர் வரவில்லை. பஞ்சாங்கம் கணித்துத் தரும் வெங்கடேசன் சாத்தூரில் ரயில்வே கிளார்க். நான் அவரைப் பார்த்ததே இல்லை. மஞ்சள் காமாலையில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"வேற ஆளப் புடிக்கிறதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்," என்றார் அண்ணாச்சி.

"கம்ப்யூட்டரே கணிச்சிரும் அண்ணாச்சி," என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் டைப் அடித்த மூன்று வருட மேட்டர் கம்ப்யூட்டரில் இருந்தது. நிலா ஒரே வேகத்தில் ஓடுவதாக வைத்து ஒவ்வொரு நட்சத்திரமும் முடியும் நேரத்தைக் கணக்கிட்டேன். பழைய மேட்டரோடு மணிக்கணக்கில் வித்தியாசம் வந்தது. வித்தியாசங்களைக் கிராஃபாகப் போட்டேன். அலை அலையாக ஏறி இறங்கின. 248 நாளுக்கு ஒருமுறை அதே அலைகள் அப்படியே திரும்பி வந்தன. அதைச் சேர்த்ததும் பழைய மேட்டரும் என் கணக்கும் நிமிடக் கணக்கில் ஒத்துப்போயின.

பைண்டிங் செக்‌ஷன் வரை போய் எல்லோரிடமும் சொன்னேன். நான் படித்த கல்லூரியின் செமினாருக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை அனுப்பினேன். நிலாவின் மறைந்திருந்த சுழற்சியைக் கண்டுபிடித்தது பற்றி. இனிப் பஞ்சாங்கம் கணிக்க ஆளே தேவையில்லை என்று கடைசியில் ஒரு வரி. அண்ணாச்சியிடமும் அதையே சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

3. ஃப்ளாப்பியோடு வந்தவர்

பிளேட் போடுவதற்கு முந்தின நாள் வெங்கடேசன் பைக்கில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணில் இன்னும் மஞ்சள். கையில் ஃப்ளாப்பி.

"இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம் வெங்கடேசன். எஸ்தர் கம்ப்யூட்டர்லயே கண்டுபுடிச்சிருச்சு," என்றார் அண்ணாச்சி. வெங்கடேசனின் முகம் வாடியது.

நான் கிராஃபை விரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவருக்கு விளக்கினேன். 248 என்றதும் அந்த முகம் மலர்ந்தது.

"சந்திர வாக்கியத்த நீங்களாவே எடுத்துட்டீகளா மேடம்?"

"என்ன வாக்கியம்?"

"நாளுக்கு ஒண்ணா 248 வாக்கியம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. பிரிச்சுப் பாத்தா அன்னைக்கு நிலா எங்கன இருக்குன்னு தெரிஞ்சிரும். பல நூறு வருசமா மனப்பாடம் பண்ணுறாக. நான் எக்செல்ல போட்டு வச்சிருக்கேன். அதான் வாக்கியப் பஞ்சாங்கம்."

'வாக்கியப் பஞ்சாங்கப்படி கணிக்கப்பட்டது' என்று வருடா வருடம் காலண்டர் அடியில் டைப் அடித்தவள் நான்தான். அதாவது, அவர் 248-ஐ வைத்துக் கணித்த மேட்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்குள்ளிருந்து 248-ஐக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. இரண்டு பேர் கணக்கையும் ஒத்துப் பார்த்தபோது, என்னுடையதில் ஆடிக் கார்த்திகை ஒரு நாள் முந்தி நின்றது.

"248 கொஞ்சம் கொஞ்சமா பிசகும் மேடம். சில நிமிசம் தள்ளுனாலே நட்சத்திரம் வேற நாளுக்குப் போயிரும். அதச் சரிபண்ண 3031 நாள்ல ஒரு பெரிய சுத்து இருக்கு. மூணு வருச மேட்டர்ல அது எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அச்சடிச்சிருந்தா, முருகன் கோயிலுக்குப் போறவுக அம்புட்டுப் பேரும் முந்தின நாளே மொட்ட போட்டிருப்பாக." சத்தம் போடாமல்தான் சொன்னார். போட்டிருந்தால் தேவலை.

ஐப்பசியில் ஒரு வாரம் முழுக்க இரண்டு கணக்கும் ஒட்டவே இல்லை. அதுவும் என் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வெங்கடேசனே உற்றுப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அசதியில் முந்தின வாரத்தையே எக்செல்லில் மறுபடி ஒட்டியிருந்தார்.

"இது நான் பண்ணுனது," என்றார். "உங்க புரோகிராம் இல்லைன்னா இது அப்படியே அச்சுக்குப் போயிருக்கும்."

ஆடிப்பெருக்குக்குள் பிளேட் போய்விட்டது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் அவர் கணித்தார், என் புரோகிராம் சரிபார்த்தது.

கட்டுரையைத் திரும்ப வாங்கக் கல்லூரிக்குப் போனேன். பேராசிரியர் விடவில்லை. "தலைப்ப மட்டும் மாத்திட்டு வந்து பேசும்மா," என்றார். செமினாருக்கு வெங்கடேசனையும் கூட்டிப் போனேன். ஒரு மாணவி எழுந்து, "இத முதல்ல கண்டுபிடிச்சது யாரு மேடம்?" என்று கேட்டாள்.

"முதல்ல யாருன்னு எனக்குத் தெரியாது. கடைசியா கண்டுபிடிச்சது நான்தான்," என்றேன். முதலில் சிரித்தவர் வெங்கடேசன்.

இப்போது என்னிடம் டேட்டா சயின்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டேட்டா கைக்கு வந்ததும் புரோகிராம் எழுத உட்காராதீர்கள். அதை உண்டாக்கியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டு, முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். சாத்தூருக்கு நான் அந்த மூன்று வருடத்தில் ஒருமுறை பஸ் ஏறியிருந்தால் போதும்.